நியூசிலாந்து மேற்குக் கரை மழைக்காட்டில் மோட்டார் சைக்கிள் பயணம்: முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நியூசிலாந்தின் தென்தீவில், மேற்குக் கரையை ஒட்டிய மழைக்காட்டு வழியாகப் பத்து நாளில் சுற்றி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுப் போனேன். முடிக்கப் பதின்மூன்று நாள் ஆயிற்று. கனமழையால் சாலையை அடைத்ததால் ஃபிரான்ஸ் ஜோசப் என்ற சிற்றூரில் இரண்டு நாள் அடைந்து கிடந்தேன். முன்கூட்டியே பணம் கட்டியிருந்த படகுச் சவாரியும் இரண்டு இரவு அறை வாடகையும் போயின. ஹாஸ்ட் கணவாயில் விரல்கள் மரத்துப்போய், கிளட்சைப் பிடிக்க முடியாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இவை எல்லாமே தவிர்த்திருக்கக்கூடியவை. அந்தச் சாலையின் அழகைப் பற்றிப் பலர் சொல்வார்கள். என்னென்ன காகிதம், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை நல்லது. டிசம்பர், ஜனவரி அங்கே பள்ளி விடுமுறைக் காலம். அறை கிடைப்பது கடினம், சாலையெல்லாம் கேரவன் வண்டிகள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வடமேற்குக் காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும். ஜூன், ஜூலையில் கடலோரம் சற்று உலர்ந்தே இருக்கும், ஆனால் கணவாய்களில் பனி உறைந்துவிடும். இரண்டு சக்கரத்தில் அது நமக்கு வேண்டாம்.

எந்த மாதம் போனாலும் மழை உண்டு. இந்தக் கரையின் தெற்கே உள்ள மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற கடல்நுழைவில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தெற்கு ஆல்ப்ஸ் மலையில் மோதி அப்படியே இந்தக் கரையில் இறங்குகிறது. மலைக்கு அந்தப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டினால் காய்ந்த புல்வெளி. ஆகவே மழையில்லாத நாளைத் தேடாதீர்கள். காத்திருக்க நாள் ஒதுக்குங்கள். எட்டு நாள் ஓட்டம் என்றால் மூன்று நாள் உபரியாக வையுங்கள். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் மற்றத் தவறுகளில் பாதி உங்களை ஒன்றும் செய்யாது.

2. விசாவும் ஓட்டுநர் உரிமமும்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வருகையாளர் விசா கட்டாயம். நியூசிலாந்து குடிவரவுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 300 நியூசிலாந்து டாலருக்கு மேல். சுற்றுலா வரி 100 டாலர் தனி. நாட்டை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1,000 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். தங்குமிடத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் 400 டாலர் போதும். மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். விசா வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத எதையும் பதிவு செய்யாதீர்கள்.

அடுத்து உரிமம். உங்கள் இந்திய ஓட்டுநர் உரிமத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான அனுமதி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். காருக்கு மட்டும் உரிமம் வைத்துக்கொண்டு இங்கே வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கே அது செல்லாது. உங்கள் உரிமம் எந்த வகை வண்டிக்கோ அதை மட்டும்தான் ஓட்டலாம். உரிமம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மொழிபெயர்ப்பு வேண்டும்.

நம் அட்டை உரிமம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்று நான் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்காமல் இருந்தேன். வாடகை நிறுவனம் அது இல்லாமல் வண்டி தர முடியாது என்று மின்னஞ்சல் அனுப்பியது, பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். நீங்கள் ஒரு மாதம் முன்பே போக்குவரத்துத் துறையின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டு செல்லும். அசல் உரிமம், பாஸ்போர்ட், விசா நகல், புகைப்படம் தயாராக இருக்கட்டும். உரிமத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நம் ஊரில் ஒன்றில் தந்தை பெயர் முன்னெழுத்தாகவும் மற்றதில் முழுப்பெயராகவும் இருக்கும். வண்டி எடுக்கும் இடத்தில் இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும்.

விமானம் ஏறும் முன் நியூசிலாந்துப் பயணி அறிவிக்கையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அதில் ஒரு கண்ணி இருக்கிறது: வெளியில் பயன்படுத்திய பூட்ஸ், கூடாரம் ஆகியவற்றை அறிவிக்க வேண்டும். மண் ஒட்டிய ரைடிங் பூட்ஸை அறிவிக்காமல் கொண்டுபோய் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். புறப்படும் முன் பூட்ஸின் அடிப்பகுதியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, 'ஆம்' என்று குறித்துவிடுங்கள். ஊறுகாய், பொடி, கறிவேப்பிலை எதுவாக இருந்தாலும் அதையும் அறிவியுங்கள். அறிவித்தவர்களிடம் அதிகாரிகள் பொறுமையாகவே நடந்துகொள்கிறார்கள்.

3. காப்பீடு: இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

உடலுக்கு: நியூசிலாந்தில் விபத்துக் காயம் யாருக்கு ஏற்பட்டாலும், சுற்றுலாப் பயணியாக இருந்தாலும், சிகிச்சைச் செலவில் பெரும்பங்கை ஏசிசி என்ற அரசுத் திட்டம் ஏற்கிறது. இது பெரிய ஆறுதல்தான். ஆனால் காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்களுக்கு அது கிடையாது. உங்களை இந்தியாவுக்குக் கொண்டுவரும் செலவும் அதில் வராது. அதனால் பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும்போது விலக்குகள் பகுதியைப் படியுங்கள். பல பாலிசிகள் குறிப்பிட்ட சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை ஏற்பதில்லை. நான் முதலில் எடுக்க இருந்த பாலிசியில் அந்த வரி பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் அடக்கம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது.

வண்டிக்கு: அந்த நாட்டில் வாகனக் காப்பீடு சட்டப்படி கட்டாயம் அல்ல. நாம் நினைத்துக்கூடப் பார்க்காத செய்தி இது. வாடகை வண்டிக்குக் காப்பீடு உண்டா, சேதமானால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதம் அதில் அடக்கமா என்று மூன்றையும் கேளுங்கள்.

4. வண்டி எடுப்பது

கிறைஸ்ட்சர்ச் நகரில் எடுத்து அங்கேயே திருப்பித் தருவது மலிவு. ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு. 400 முதல் 650 சிசி வண்டி போதும். கனமான வண்டி ஈரச் சாலையில் உங்களைச் சோர்வடையச் செய்யும். வாடகை ஒரு நாளைக்குச் சுமார் 150 முதல் 250 டாலர். முன்பணமாகச் சில ஆயிரம் டாலரைக் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். உங்கள் கார்டின் வெளிநாட்டு வரம்பை வங்கியிடம் சொல்லி உயர்த்தி வையுங்கள்.

மூன்று கேள்வி கேட்டே வண்டியை எடுங்கள். கைப்பிடி சூடேறும் வசதி உண்டா? டயரின் பள்ளங்களில் எவ்வளவு ஆழம் மிச்சமிருக்கிறது? சரளைச் சாலையில் ஓட்டத் தடையா? முதலாவதற்கு 'இல்லை' என்றால் வேறு வண்டி கேளுங்கள், பத்து இருபது டாலர் கூடுதலானாலும் சரி. எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் கைபேசியில் படமெடுங்கள்.

5. உடை: இங்கேதான் நான் அதிகம் தோற்றேன்

மழையும் குளிரும் தனித்தனியாக வந்தால் தாங்கலாம். சேர்ந்து வரும்போதுதான் ஆபத்து. கோடையிலும் மழை நாளில் கணவாய்களில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நனைந்த உடையோடு அந்தக் காற்றை வாங்கினால், ஊட்டியின் டிசம்பர் அதிகாலை இதமாகத் தோன்றும்.

என் ஜாக்கெட்டில் மழைத்தடுப்பு உள்ளுறை இருந்தது. அது தண்ணீரை உள்ளே விடவில்லை என்பது உண்மை. ஆனால் வெளித் துணி ஊறிப் பாரமாகி, காற்றுப்பட்டு ஆவியாகும்போது உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. உள்ளே நனையாமலே நடுங்கினேன். தீர்வு எளிது: ஜாக்கெட்டுக்கு மேலே போடும் தனி மழைக்கோட்டும் கால்சட்டையும். ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். அடர்ந்த மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் வாங்குங்கள். மழையில் மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறம் கண்ணுக்குத் தெரியாது.

உள்ளே மெரினோ கம்பளிச் சட்டை இரண்டு. ஈரமானாலும் சூட்டைக் காக்கும், நாறுவதும் குறைவு. பருத்திப் பனியன் ஒன்றுகூட வேண்டாம். ஊறினால் காயாது.

கையுறை இரண்டு ஜோடி. 'வாட்டர்புரூஃப்' என்று எழுதிய என் கையுறை இரண்டாம் மணி நேரத்தில் ஊறிவிட்டது. அடுத்த நாள் ஹோக்கிட்டிகா என்ற ஊரின் கடையொன்றில் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையைப் பெரிய அளவில் வாங்கி, தோல் கையுறைக்கு மேலே மாட்டிக்கொண்டேன். சில டாலர்தான் ஆயிற்று, கை நனையவில்லை. ஆனால் உள்ளே ஊறிய நுரைப்பகுதி காயாததால் ஹாஸ்ட் கணவாயில் விரல் மரத்தது. ஆகவே ஒரு ஜோடி எப்போதும் உலர்ந்த பையில் இருக்க வேண்டும். மழைக்கோட்டின் கைப்பகுதி கையுறைக்கு மேலே வரவேண்டும். தலைகீழாகப் போட்டால் முழங்கையிலிருந்து வழியும் நீர் நேராகக் கையுறைக்குள் இறங்கும். பூட்ஸுக்கும் இதே விதி. கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே.

ஹெல்மெட் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படியாதிருக்கப் பின்லாக் தகடு பொருத்துங்கள். சோப்பு தேய்க்கும் வித்தை அரை மணி நேரம்தான் தாங்கும்.

சாமான்களை வாய் சுருட்டிக் கட்டும் நீர்புகாப் பைகளில் வையுங்கள். பெட்டியை நம்பிப் பாஸ்போர்ட்டைப் போடாதீர்கள். ஜிப் பூட்டிய பிளாஸ்டிக் உறை ஒன்றில் அதை இட்டு மார்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

6. வழி, தூரம், பெட்ரோல்

நான் போன சுற்று இது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் கணவாய் வழியாக ஹோக்கிட்டிகா சுமார் 250 கிலோமீட்டர். அங்கிருந்து ஃபிரான்ஸ் ஜோசப் சுமார் 140, ஹாஸ்ட் மேலும் 145. பிறகு ஹாஸ்ட் கணவாய் ஏறி வனாக்கா 140, தே ஆனாவ் 230. மில்ஃபோர்ட் போய்வர 240. திரும்பும் வழியில் லிண்டிஸ் கணவாய் வழியே கிறைஸ்ட்சர்ச் வர இரண்டு நாள். மொத்தம் சுமார் 1,800 கிலோமீட்டர்.

எண்களைப் பார்த்துச் சிறிய தூரம் என்று நினைக்கத் தோன்றும். மழையில் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர்தான் நிதானமாகப் போகலாம். அதற்கு மேல் திட்டமிடாதீர்கள்.

மேற்குக் கரைக்கு ஆறாம் எண் நெடுஞ்சாலை ஒன்றுதான் நீளவாக்கில் ஓடுகிறது. அது அடைபட்டால் மாற்றுவழி என்பது மலையைச் சுற்றிக்கொண்டு வருவதுதான். ஃபிரான்ஸ் ஜோசப்பிலிருந்து வனாக்காவுக்கு நேர்வழியில் 285 கிலோமீட்டர். சுற்றிப் போனால் 800-க்கு மேல். 2019 மார்ச் மாத வெள்ளத்தில் ஃபிரான்ஸ் ஜோசப் அருகே வைஹோ ஆற்றுப் பாலமே அடித்துக்கொண்டு போனது. பதினெட்டு நாளில் தற்காலிகப் பாலத்தை நிறுத்தினார்கள். மண்சரிவு அடைப்புகள் பொதுவாக ஒரு நாள், இரண்டு நாளில் விலகும். அதற்குத்தான் அந்த உபரி நாட்கள்.

ஃபிரான்ஸ் ஜோசப்பை அடுத்து வரும் ஃபாக்ஸ் என்ற சிற்றூரில் டேங்கை நிரப்புங்கள். அடுத்தது ஹாஸ்ட், 120 கிலோமீட்டர் தள்ளி. ஹாஸ்டில் விலை அதிகம், இருந்தாலும் நிரப்புங்கள். தே ஆனாவில் நிரப்பாமல் மில்ஃபோர்டுக்குக் கிளம்பாதீர்கள். இன்னொரு கண்ணி: சிற்றூர்களில் பல பம்புகள் ஆளில்லாத தானியங்கிப் பம்புகள். கார்டும் பின் எண்ணும் கேட்கும். என் கார்டு ஒன்று ஒரு பம்பில் வேலை செய்யவே இல்லை. வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டு வைத்துக்கொள்ளுங்கள், பின் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

7. ஒவ்வொரு காலையும் பார்க்க வேண்டிய இரண்டு

நியூசிலாந்து போக்குவரத்து முகமையின் இணையதளத்தில் சாலை நிலவரம். மெட்சர்வீஸ் என்ற வானிலைச் சேவையில் கனமழை எச்சரிக்கை. ஆரஞ்சு நிற எச்சரிக்கை இருந்தால் அன்று நகராதீர்கள். சிவப்பு என்றால் கேள்வியே இல்லை. நான் அடைபட்ட அந்த நாளின் எச்சரிக்கை முந்தின நாளே வந்திருந்தது. பார்த்திருந்தால் ஒரு நாள் முன்னதாகவே ஹாஸ்டைக் கடந்திருப்பேன்.

நீண்ட பகுதிகளில் கைபேசிச் சிக்னல் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். தனியாகப் போகிறீர்கள் என்றால், செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவியை வாடகைக்கு எடுங்கள். அவசர எண் 111. தங்குமிடத்தில் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சிக்கலில் மாட்டினால், வரவில்லையே என்று தேடச் சொல்லப்போகிறவர்கள் அந்த விடுதிக்காரர்கள்தான்.

8. ஈரச் சாலையில் ஓட்டுவது

நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அது நமக்குப் பெரிய வசதி.

ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். வெள்ளை வட்டப் பலகையில் சிவப்பு விளிம்பும், உங்கள் பக்கம் சிறிய சிவப்பு அம்பும் இருந்தால் நீங்கள் நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். நீலப் பலகையில் உங்கள் பக்கம் பெரிய வெள்ளை அம்பு இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை. அப்போதும் வேகத்தைக் குறையுங்கள். எதிரே வரும் சுற்றுலாப் பயணிக்கு இந்த விதி தெரிந்திருக்கும் என்று உறுதி இல்லை.

வளைவுகளுக்கு முன் மஞ்சள் பலகையில் 35, 45 என்று எண் போட்டிருப்பார்கள். அது சட்ட வரம்பல்ல, அறிவுரை. ஈரத்தில் அதையே வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜல்லி பதித்த தார்ச் சாலை நனைந்தாலும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் தார் மேலெழும்பிக் கறுத்து மின்னும் பட்டைகள், பாலத்து இரும்பு இணைப்புகள், வெள்ளைக் கோடுகள், மரத்தடியில் அழுகிய இலைகள் ஆகியவற்றின் மேல் பிரேக்கைத் தொடாதீர்கள். மரம் ஏற்றி வரும் லாரி உங்களைக் கடக்கும்போது ஒரு நொடி எதுவுமே தெரியாது. அது வருவதைப் பார்த்ததும் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விரல் உணர்விழந்தால் நிறுத்துங்கள். 'இன்னும் இருபது கிலோமீட்டர்தானே' என்று ஓட்டாதீர்கள். எஞ்சின் பக்கவாட்டில் கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டு, ஏதாவது இனிப்பு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

9. மில்ஃபோர்ட் சாலை

இதற்குத் தனி நாள் வேண்டும். தே ஆனாவில் இரண்டு இரவு அறை எடுத்து, வானம் சற்று விலகும் நாளில் போய்வாருங்கள். படகு டிக்கெட்டை முந்தின மாலை வாங்கினால் போதும். பிப்ரவரி கடைசிக்குப் பிறகு எனக்கு எளிதாகவே கிடைத்தது.

வழியில் வரும் ஹோமர் சுரங்கம் 1.2 கிலோமீட்டர் நீளம். மில்ஃபோர்ட் நோக்கி இறக்கமாகப் போகும். உள்ளே பாறையிலிருந்து நீர் சொட்டும், தரை ஈரம். நுழையும் முன்பே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கோடையில் பகலில் சிக்னல் வைத்து ஒரு பக்கமாக விடுகிறார்கள். அங்கே காத்திருக்கும்போது கியா என்ற மலைக்கிளிகள் வரும். மிக அழகான, அறிவுள்ள பறவை. ஆனால் ரப்பர் எதுவாக இருந்தாலும் கொத்திப் பிய்க்கும். இருக்கை உறை, கண்ணாடிப் பட்டை, பையின் வார் எல்லாம் அதற்கு விளையாட்டுப் பொருள். வண்டியை விட்டு நகராதீர்கள், உணவு எதுவும் கொடுக்காதீர்கள்.

நீர்நிலை அருகே எங்கு நின்றாலும் மணல் ஈக்கள் மொய்க்கும். நம் கொசுவைவிட அரிப்பு அதிகம், ஒரு வாரம் போகாது. விரட்டும் களிம்பை மணிக்கட்டிலும் கழுத்திலும் பூசிக்கொள்ளுங்கள். கையுறையைக் கழற்றும் அந்த இடத்தில்தான் கடிக்கும்.

10. தங்குவது, காயவைப்பது

அறை பதிவு செய்யும் முன் ஒன்று கேளுங்கள்: துணி காயவைக்கத் தனி அறையோ இயந்திரமோ உண்டா? பல விடுதிகளில் இருக்கிறது. இல்லாத இடத்தில் பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கொருமுறை மாற்றினால் காலைக்குள் பாதி காயும். பூட்ஸை ஹீட்டருக்கு நேரே வைக்காதீர்கள், அடிப்பகுதியின் பசை விட்டுவிடும். சில சிற்றூர்களில் கடைகள் மாலையிலேயே மூடிவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சமையல் வசதியுள்ள விடுதியாகப் பாருங்கள். அரிசி, பருப்பு அங்கே கிடைக்கிறது.

11. எனக்கு ஆன செலவு

பத்து நாள் கணக்கில், விமானமும் விசாவும் நீங்கலாக: வண்டி 1,800 டாலர். பெட்ரோல் 200. விடுதியும் கேபினும் 600. உணவு 450. ஆக 3,050 டாலர். ஒரு டாலர் ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். கூடுதலான மூன்று நாளுக்கு வாடகையும் அறையும் சேர்ந்து எழுநூறு டாலர் ஆயிற்று. படகுக்கும் தவறவிட்ட அறைகளுக்கும் இழந்த பணம் இதில் சேராது. உபரி நாட்களை முதலிலேயே கணக்கில் சேர்த்து வாடகை பேசினால் தினசரி விலை குறையும். நடுவில் நீட்டித்தால் முழு விலை. அறைகளில் முதல் இரண்டை மட்டும் உறுதியாகப் பதிவு செய்யுங்கள். மற்றவை இலவசமாக ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

12. வண்டியைத் திருப்பித் தரும் நாள்

ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே வண்டியைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் காசு போட்டுக் கழுவும் இடத்தில் சேற்றைக் கழுவினால், சுத்தம் செய்யும் கட்டணம் கேட்க மாட்டார்கள். டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த நாளின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஊழியரோடு சேர்ந்து வண்டியைப் பாருங்கள். 'சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிடித்து வைத்த முன்பணம் நம் வங்கிக் கணக்கில் விடுபட எனக்குப் பதினேழு நாள் ஆனது. அதுவரை அந்தக் கையெழுத்துத் தாளைத் தொலைக்காதீர்கள்.